அண்ணன் இந்தியர், தம்பி மலேசியர்

என் தங்கச்சிக்கு இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் 2010இல் தமிழ்நாட்டில், துறையூரில் பிறந்தான். இளையவன் 2013இல் மலேசியாவில், ஈப்போவில் பிறந்தான். ஒரே அப்பா, ஒரே அம்மா. அப்பா இந்தியப் பிரஜை. அம்மா சுங்கை சிப்புட்டில் பிறந்து, இங்கேயே தமிழ்ப்பள்ளியில் படித்து வளர்ந்த மலேசியப் பிரஜை. இளையவன் பிறக்கும்போதே மலேசியன். மூத்தவனுக்கு 15 வயது முடிந்துவிட்டது, இன்னமும் இந்தியக் கடப்பிதழில் விசாவோடுதான் இந்த ஊரில் இருக்கிறான்.

இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைப்பு. பட்டணத்தில் நான் ஒரு சின்ன போட்டோஸ்டேட் கடை வைத்திருக்கிறேன். நகல் எடுப்பது, பாரம் நிரப்புவது, மலாயில் கடிதம் அடித்துக் கொடுப்பது என்று பிழைப்பு ஓடுகிறது. அதற்கு முன்பு தோட்ட ஆபீசில் கிராணி, அதாவது எழுத்தர் வேலை. ஊர்க்காரர்களின் சூராட் பெரானாக் என்கிற பிறப்புப் பத்திரம், ஐசி என்கிற அடையாள அட்டை, கல்யாணப் பத்திரம் எல்லாம் என் கைவழியாகத்தான் போய்க்கொண்டிருக்கின்றன. தங்கச்சி வீட்டில் நடந்தது எங்கள் வீட்டோடு நிற்கிற கதை இல்லை. தீபாவளிக்கு ஊருக்கு வருகிற பிள்ளைகள், சிங்கப்பூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் பெர்த்திலிருந்தும், பிள்ளைக்கு மலேசியப் பிரஜாவுரிமை கிடைக்குமா என்ற இதே கேள்வியைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள்.

முதலில் எங்கள் வீட்டு விஷயத்தை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

தங்கச்சி கல்யாணமாகித் துறையூர் போனாள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வருவதுதானே முறை. டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. எட்டாம் மாதத் தொடக்கத்தில் ரத்த அழுத்தம் ஏறி, விமானத்தில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை அங்கேயே பிறந்தான். தாயும் பிள்ளையும் நலம் என்று போன் வந்ததும் அம்மா சாமி விளக்கை ஏற்றிவிட்டு, நாலு வீட்டுக்குச் சர்க்கரை கொடுத்து அனுப்பினார்.

சட்டம் என்ன சொல்லியது என்றால்: குழந்தை மலேசியாவுக்கு உள்ளே பிறந்தால், பெற்றோரில் யாராவது ஒருவர் பிரஜையாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும். நாட்டுக்கு வெளியே பிறந்தால் அப்பா மலேசியப் பிரஜையாக இருக்க வேண்டும், அவரும் மலேசியாவில் பிறந்தவராக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் பிள்ளை பிறந்த நிமிஷத்திலேயே பிரஜை. அம்மா மட்டும் மலேசியர் என்றால் அந்த வாசல் கிடையாது. இதெல்லாம் அரசியலமைப்பின் 14ஆவது பிரிவிலும் அதன் இரண்டாவது அட்டவணையிலும் இருப்பவை. 1963 செப்டம்பர் 16, மலேசியா உருவான நாளிலிருந்து பிறந்தவர்களுக்கான விதி.

இளையவன் வயிற்றில் இருந்தபோது தங்கச்சிக்கு இது தெரிந்துவிட்டது. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு, மூத்தவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு திருச்சியிலிருந்து விமானம் ஏறினாள். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. பிரசவத்தின்போது கூட நின்றவள் நான். ஈப்போ ஆஸ்பத்திரியில் பிள்ளை பிறந்தது, பதிவு செய்தோம், மைகிட் என்கிற குழந்தைகளுக்கான அடையாள அட்டை வந்தது. அந்த அட்டையை அவள் கையில் வாங்கியபோது மூத்தவன் அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். அவனுடைய பையில் இருந்தது விசா முத்திரை குத்திய கடப்பிதழ்.

இன்னொரு பக்கம் என் தம்பி. சிங்கப்பூரில் வேலை. அவன் மனைவியும் தமிழ்நாட்டுப் பெண்தான். முறையாகப் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். பிள்ளை சிங்கப்பூரில் பிறந்தது. தம்பி பத்திரங்களை எடுத்துக்கொண்டு அங்கிருக்கிற மலேசியத் தூதரகத்துக்குப் போனான், பதிந்தான், வேலை முடிந்தது. தம்பி சுங்கை சிப்புட்டில் பிறந்தவன், பிரஜை, ஆண். அவ்வளவுதான் தேவைப்பட்டது. அதே சுங்கை சிப்புட்டில், அதே வீட்டில் பிறந்த தங்கச்சியின் பிள்ளைக்கு அது கிடைக்கவில்லை. ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள். எங்கள் அம்மா சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார், “மகன் வயித்துப் பேரன்னா ஒரு சட்டம், மக வயித்துப் பேரன்னா ஒரு சட்டமா?” என்று. பள்ளிக்கூடமே போகாத அம்மா கேட்ட அந்தக் கேள்வியைத்தான் பிறகு கோலாலம்பூரில் நீதிமன்றத்திலும் கேட்டார்கள்.

ஆறு மலேசியத் தாய்மார், ஃபேமிலி ஃபிரன்டியர்ஸ் என்ற அமைப்போடு சேர்ந்து வழக்குப் போட்டார்கள். 2021 செப்டம்பர் 9 அன்று உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குப் பிரஜாவுரிமை தருவதில் தாய்க்கும் தகப்பனுக்கு உள்ள அதே உரிமை உண்டு என்றது. அன்றைக்குத் தங்கச்சி கடைக்கே வந்துவிட்டாள். கொரோனா காலம், முகக்கவசத்துக்கு மேலே கண் மட்டும்தான் தெரிந்தது. அழுது சிவந்திருந்தது. அரசாங்கம் மேல்முறையீடு செய்தது. 2022 ஆகஸ்ட் 5 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அந்தத் தீர்ப்பை மாற்றிவிட்டது. அந்த ஒன்று, நீதிபதி எஸ். நந்தபாலன். தாய்மார் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர். மற்ற இருவரும், இதை மாற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று சொல்லிவிட்டார்கள்.

அப்புறம் நாடாளுமன்றம் மாற்றியது. 2024 அக்டோபர் 17 அன்று அரசியலமைப்புத் திருத்த மசோதா மக்களவையில் வாக்கெடுப்புக்கு வந்தது. 222 பேர் கொண்ட அவையில் 206 பேர் ஆதரித்தார்கள். அந்த டிசம்பரில் மேலவையும் ஏற்றுக்கொண்டது. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு அப்பா மட்டும்தான் என்றிருந்தது, பெற்றோரில் ஒருவர் என்று ஆயிற்று. அதற்காகப் பாடுபட்ட அந்தத் தாய்மார் ஒவ்வொருவருக்கும் எங்கள் வீட்டின் நன்றி. மனதார எழுதுகிறேன்.

ஆனால் மூத்தவனுக்கு அது பொருந்தாது. திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. இனிமேல் பிறக்கப்போகிற பிள்ளைகளுக்குத்தான். ஏற்கெனவே பிறந்துவிட்ட பிள்ளைகள் பழைய வழியில்தான் போக வேண்டும். பழைய வழி என்பது 15ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவு: பெற்றோரில் ஒருவர் பிரஜையாக இருந்தால், பிள்ளையைப் பிரஜையாகப் பதிந்துகொள்ளும்படி அரசாங்கத்திடம் விண்ணப்பிக்கலாம். பதிந்துதான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் அரசாங்கத்துக்கு இல்லை. அது எடுக்கிற முடிவை எதிர்த்து நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய முடியாது என்றும் அரசியலமைப்பே சொல்கிறது. இதில் இன்னொன்றும் இருக்கிறது, அதைத்தான் ஊர்க்காரர்கள் பலரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள். இந்தப் பதிவுக்கு 21 வயது வரை நேரம் இருந்தது. தாய்மாருக்கு உரிமை கொடுத்த அதே திருத்தம் இந்த வயதை 18ஆகக் குறைத்துவிட்டது. ஒரு கையால் புதுப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, மறு கையால் பழைய பிள்ளைகளிடமிருந்து மூன்று வருஷத்தை எடுத்துக்கொண்டார்கள். இது நியாயமில்லை. எனக்குத் தெரிந்த ஒவ்வொருவரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மூத்தவனுக்காகத் தங்கச்சி பல வருஷம் முன்பே விண்ணப்பம் போட்டாள். வருஷக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் நாலு வரியில் ஒரு கடிதம் வந்தது. ஏற்க இயலவில்லை என்று இருந்தது, காரணம் இல்லை. மறுபடி போட்டிருக்கிறாள். பதிலுக்குக் காத்திருக்கிறோம்.

இந்தக் காத்திருப்பு பையனுக்கு எப்படி இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். அரசாங்கக் கிளினிக்கில் தம்பிக்கு ஒரு வெள்ளி, அண்ணனுக்கு வெளிநாட்டவர் கட்டணம். பள்ளியில் பாடப்புத்தகம் இரவல் கொடுத்தபோது தம்பி ஒரு கட்டு வாங்கி வந்தான். அண்ணனுக்கு நாங்கள் கடையில் வாங்கினோம். மாநில அளவில் ஓட்டப்பந்தயத்துக்குப் பெயர் கேட்டபோது ஐசி எண் எழுதும் இடத்தில் அவனால் எதையும் எழுத முடியவில்லை. வாத்தியார் நல்லவர், என்னென்னமோ முயற்சி செய்து பார்த்தார், நடக்கவில்லை. போன வருஷம் இளையவனுக்கு 12 வயது நிறைந்து மைகார்டு என்கிற அடையாள அட்டை எடுக்கப் போனோம். மூத்தவன்தான் ஃபைலைத் தூக்கி வந்தான். கவுண்டரில் தம்பியின் இரண்டு கட்டைவிரலையும் கண்ணாடியில் வைத்து அழுத்தச் சொன்னார்கள். ரேகை சரியாக விழவில்லை, விரல் வியர்த்திருந்தது. அண்ணன் தன் சட்டை நுனியால் அவன் விரலைத் துடைத்துவிட்டு, “இப்ப வை” என்றான். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை.

நம் தோட்டத்து ஜனங்களுக்கு இது புதுசில்லை என்பதால்தான் எனக்கு இன்னும் அதிகமாக வலிக்கிறது.

எங்கள் தாத்தாவும் பாட்டியும் போருக்கு முன்பு துறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1948 ஜூன் 16 அன்று எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டு, அதைத் தொடர்ந்து அவசரகாலம் வந்தது எல்லோருக்கும் தெரியும். அந்த அவசரகாலத்தில்தான் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுத்தார்கள். அட்டை இருந்தால் பிரஜை என்று அர்த்தமில்லை. 1957இல் சுதந்திரம் வந்தபோது, வெளியிலிருந்து வந்து இங்கே குடியிருந்தவர்கள் பிரஜையாகப் பதிந்துகொள்ள வழி செய்தார்கள். முந்திய 12 வருஷத்தில் 8 வருஷம் இந்த நாட்டில் இருந்ததாகக் காட்ட வேண்டும்.

காட்டுவதற்குத் தோட்டத்து ஆளிடம் என்ன இருக்கும்? செக்ரோல்தான். ஒவ்வொரு மாசமும் யார் யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்று கிராணி எழுதுகிற பெரிய புத்தகம். தாத்தா ரப்பர் பால்வெட்டுக் கணக்கில் ஒரே பெயரோடு தொடர்ந்து இருந்தார். கிராணி அதைப் பார்த்துக் கடிதம் கொடுத்தார், தாத்தா பதிந்துகொண்டார். பாட்டி புல்வெட்டுக் கும்பலில் இருந்தவர். செக்ரோலில் அவர் பெயர் சில வருஷம் ஒரு மாதிரியும் சில வருஷம் வேறு மாதிரியும் எழுதப்பட்டிருந்தது. நடுவில் பிள்ளைப்பேற்றுக்காக நின்ற மாதங்களில் பெயரே இல்லை. இது ஒரே ஆள்தான் என்று கடிதம் கொடுக்க யாரும் முன்வரவில்லை. பாட்டி, பிரஜை அல்லாத நிரந்தரவாசிக்குக் கொடுக்கிற சிவப்பு ஐசியோடு நின்றுபோனார். நான் கிராணியாக இருந்த காலத்தில் பழைய செக்ரோல்களைப் புரட்டும்போதெல்லாம் அந்தப் பக்கங்களைத் தேடியிருக்கிறேன். மையெல்லாம் பழுப்பாகிவிட்டது. பெயருக்கு நேரே சின்னச் சின்னக் கோடுகள், ஒரு கோடு ஒரு நாள் வேலை. அவர் இங்கே இருந்ததற்கும் உழைத்ததற்கும் அத்தனை கோடு சாட்சி இருந்தது.

பாட்டிக்காவது இங்கேயே இருக்க முடிந்தது. அவருடைய தம்பிக்கு அதுவும் இல்லை. அவரும் சிவப்பு ஐசிதான். 1969 மே கலவரத்துக்குப் பிறகு, பிரஜை அல்லாதவர்கள் வேலை செய்ய வேண்டுமென்றால் வர்க் பெர்மிட் வேண்டும் என்று கெடுபிடி வந்தது. நாட்டின் பல தோட்டங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கில் நம் ஜனங்கள் வேலை போய்க் கப்பல் ஏறினார்கள். பாட்டியின் தம்பியும் 1970இல் பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போனார். மனைவி, பிள்ளைகளோடு போனார். அவருடைய மூத்த மகன் 1960இல் இங்கே தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். அப்போதிருந்த சட்டப்படி 1962 செப்டம்பர் வரை இந்த மண்ணில் பிறந்தாலே பிரஜை, பெற்றோர் யார் என்று பார்ப்பதில்லை. பத்து வயசுப் பிரஜை, பிரஜை அல்லாத அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறினார். வேறென்ன செய்வார், பத்து வயசுப் பிள்ளை? துறையூரில் வளர்ந்து, அங்கேயே கல்யாணம் கட்டி, இந்தியராகவே ஆகிவிட்டார்.

அவருடைய மகன்தான் என் தங்கச்சி மாப்பிள்ளை. முறைக்கு மாமன் மகன். விட்டுப்போன உறவை ஒட்ட வேண்டும் என்று பாட்டி உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார், அவர் போன பிறகு நடந்தது. அந்தக் குடும்பத்துப் பிள்ளைதான் இப்போது சுங்கை சிப்புட்டில் விசாவோடு இருக்கிறான். இந்த ஊரில் அவனுக்கு அம்மா வழியிலும் வேர் இருக்கிறது, அப்பா வழியிலும் இருக்கிறது.

சரி, கடைக்கு வருகிறவர்கள் கேட்பதற்கு வருகிறேன். அவர்களில் பலருக்குச் சிக்கல் அம்மாவால் வருவதில்லை, கல்யாணப் பதிவால் வருகிறது. இதை எத்தனை தரம் சொன்னாலும் தகும்.

இங்கே 1982 மார்ச் 1 முதல், இஸ்லாமியர் அல்லாதவர்களின் திருமணத்தைச் சட்டப்படி பதிய வேண்டும். கோயிலில் தாலி கட்டி, ஊரே வந்து மொய் எழுதி, போட்டோ ஆல்பம் மூன்று இருந்தாலும், பதிவு இல்லாவிட்டால் சட்டத்தின் கண்ணுக்கு அது கல்யாணம் இல்லை. அந்த நிலையில் பிறக்கிற பிள்ளைக்குப் பிரஜாவுரிமை பார்க்கும்போது அப்பாவைக் கணக்கில் எடுப்பதில்லை, அம்மா யார் என்று மட்டும்தான் பார்ப்பார்கள். அம்மா இந்தியப் பிரஜை என்றால் பிள்ளை மலேசியர் ஆகாது. பிள்ளை ஈப்போ ஆஸ்பத்திரியிலேயே பிறந்திருந்தாலும் இதே கதைதான்.

போன வருஷம் ஒரு பையன் வந்தான், ஜோகூரிலிருந்து சிங்கப்பூருக்கு டிரெய்லர் ஓட்டுகிறவன், எங்கள் தோட்டத்துப் பையன். தமிழ்நாட்டில் குலதெய்வக் கோயிலில் கல்யாணம். பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் சொன்னார்களாம். பிள்ளை பிறந்து நாலு மாசம் கழித்துப் பதிந்தார்கள். “இப்பதான் பதிஞ்சாச்சே அக்கா, பிள்ளைக்கு எடுத்துடலாம்ல?” என்று கேட்டான். பிள்ளை பிறந்த நேரத்தில் கல்யாணம் பதிவாகி இருந்ததா என்பதுதான் கேள்வி. இதே மாதிரி ஒரு வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. அப்பா மலேசியர், அம்மா பிலிப்பீன்ஸ் நாட்டவர், பிள்ளை அங்கே பிறந்த பிறகு திருமணம் பதிவானது. 2021 மே 28 அன்று நாலுக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது: பின்னால் நடந்த பதிவு, பிள்ளை பிறந்த நேரத்து நிலையை மாற்றாது. அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய மூவரில் ஒருவர். ஆனாலும் பெரும்பான்மைத் தீர்ப்புதான் சட்டம். அந்தப் பையனிடம் இதைச் சொன்னபோது அவன் பிள்ளையின் படத்தைப் போனில் காட்டி, “என்னை மாதிரியே இருக்கான் பாருங்கக்கா” என்றான். அப்படியேதான் இருந்தது. அவனுக்கும் 15(2)இல் விண்ணப்பிக்கிற ஏற்பாட்டைத்தான் செய்துகொண்டிருக்கிறோம். அதில் சாதகமான பதில் வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

ஆகவே வெளிநாட்டில் கல்யாணம் செய்கிற மலேசியர் யாராக இருந்தாலும், ஆறு மாசத்துக்குள் மலேசியத் தூதரகத்திலோ இங்கே பதிவிலாகாவிலோ போய்ப் பதிந்துவிடுங்கள். மண்டபம் பார்க்கிறோம், நகை எடுக்கிறோம், அழைப்பிதழுக்கு நாலு டிசைன் பார்க்கிறோம். இதையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட வேண்டும்.

அடுத்தது, ரொம்ப வருஷமாக வெளிநாட்டிலேயே இருக்கிற குடும்பங்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்தவர் பெர்த்துக்குப் போனார், அங்கே மகன் பிறந்தான், அப்பா இங்கே பிறந்தவர் என்பதால் மகன் மலேசியன். அந்த மகனுக்கு அங்கே பிள்ளை பிறந்தால்? இப்போது அப்பா மலேசியாவில் பிறந்தவர் இல்லை. ஆகவே தானாக எதுவும் வராது. பிள்ளை பிறந்த ஒரு வருஷத்துக்குள் தூதரகத்தில் பதிய வேண்டும். தாமதமானால் அரசாங்கம் அனுமதித்தால்தான் உண்டு. தலைமுறை தள்ளத் தள்ள நூல் மெலிந்துகொண்டே போகிறது, அந்த ஒரு வருஷப் பதிவுதான் அதில் போடுகிற முடிச்சு. தாத்தா பாட்டிகளுக்கு ஒரு வேண்டுகோள்: பேரப்பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் எத்தனை கிலோ என்று கேட்கிறோமில்லையா, அப்படியே தூதரகத்தில் பதிந்தாயிற்றா என்றும் கேளுங்கள்.

இந்தியாவிலும் சட்டம் ஏறக்குறைய இப்படித்தான் வந்திருக்கிறது. வெளிநாட்டில் பிறக்கிற பிள்ளைக்கு 1992 டிசம்பர் 10க்கு முன்பு வரை அங்கேயும் அப்பா வழிதான். அதன் பிறகு அம்மாவோ அப்பாவோ இந்தியராக இருந்தால் போதும் என்று ஆக்கினார்கள். 2004 டிசம்பர் 3 முதல், ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும், பிள்ளையிடம் வேறு நாட்டுக் கடப்பிதழ் இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூர் 2004இல் தாய்மாருக்கும் கொடுத்துவிட்டது. நாம்தான் அதற்குப் பிறகும் இருபது வருஷம் காத்திருந்தோம்.

ஓசிஐ அட்டை எடுத்தால் இரண்டு நாட்டுக்கும் பிரஜை ஆகிவிடலாம் என்று ஒரு பேச்சு ஊரில் ஓடுகிறது. இல்லை. அது காலம் முழுக்க இந்தியாவுக்குப் போய்வர உதவுகிற அட்டை. ஓட்டுப் போட முடியாது, விவசாய நிலம் வாங்க முடியாது. மலேசியாவும் சரி, இந்தியாவும் சரி, இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. மூத்தவனுக்கு இங்கே கிடைத்துவிட்டால் இந்தியக் கடப்பிதழை ஒப்படைத்துவிட வேண்டியதுதான். மாப்பிள்ளை அதற்கு எப்போதோ மனசைத் தயார்படுத்திக்கொண்டார். அவர் அப்பாவுக்குத்தான் அதைக் கேட்டதும் முகம் மலர்ந்தது. “நான் பொறந்த ஊருக்கே அவன் போகட்டும்” என்றார்.

பத்திர வேலையில் எங்களை அதிகம் படுத்தியது பெயர்தான். தங்கச்சியின் பெயர் சூராட் பெரானாக்கில் ஒரு ‘எம்’மோடு இருக்கிறது, ஐசியில் இரண்டு ‘எம்’, துறையூர்க் கல்யாணப் பத்திரத்தில் நடுவில் ஒரு ‘எச்’. அப்பாவின் பெயர் இங்கே ‘அனாக் பெரம்புவான்’ (மகள்) என்பதற்குப் பின்னால் வருகிறது, அங்கே முன்னெழுத்தாகச் சுருங்கிவிட்டது. மூன்றும் ஒரே ஆள் என்று சத்தியப் பிரமாணம் எழுதி, ஆணையர் முன்னால் கையெழுத்துப் போட்டு இணைத்தோம். தமிழில் இருக்கும் பிறப்புச் சான்றிதழுக்குச் சான்றளித்த மொழிபெயர்ப்பு வேண்டும். இதைக் கடைசி நிமிஷத்துக்கு வைத்துக்கொண்டால் திண்டாட்டம்தான். பாட்டிக்கு செக்ரோலில் நடந்தது இந்தப் பிள்ளைகளுக்கும் நடக்கக் கூடாது என்று ஒவ்வொரு எழுத்தாகச் சரிபார்க்கிறேன்.

மூத்தவன் 2028 அக்டோபரில் 18ஐத் தொடுகிறான். திருத்தம் வருவதற்கு முன்பு பிறந்த பிள்ளைகள், வெளிநாட்டில் மலேசியத் தாய்க்குப் பிறந்து இந்த நாட்டில் வளர்கிற பிள்ளைகள், இவர்களின் விண்ணப்பங்களைத் தனியாக எடுத்து, 18 ஆவதற்குள் முடித்துக் கொடுக்க வேண்டும். புதுப்பிள்ளைகளுக்குத் தாய் போதும் என்று ஏற்றுக்கொண்டாகிவிட்டது, பழைய பிள்ளைகளுக்கும் அதே தாய்தானே? இதைக் கேட்டு நாங்கள் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம். சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் எல்லோருக்கும் போகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் நீங்களும் எழுதுங்கள், மலாய்க் கடிதத்தை நான் அடித்துத் தருகிறேன், காசு வேண்டாம்.

21 வரைக்கும் நேரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பிக்கொண்டு இருக்காதீர்கள், 18ஐத்தான் கெடுவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒருமுறை மறுத்துக் கடிதம் வந்தாலும் மறுபடி போடுங்கள், பழைய கடிதத்தின் நகலையும் பத்திரமாக வையுங்கள்.

தீபாவளிக்கு ஊருக்கு வருகிறவர்கள் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், இரண்டு பேரின் கல்யாணப் பத்திரம், மலேசியராக இருப்பவரின் சூராட் பெரானாக், ஐசி எல்லாவற்றையும் கையோடு எடுத்து வாருங்கள். பெட்டியில் போடாதீர்கள், கைப்பையில் வையுங்கள். கடை மார்க்கெட் பக்கம்தான், பெருநாளுக்கு முந்தின நாள் வரை திறந்திருக்கும். அசலை யாரிடமும் விட்டுவிட்டுப் போக வேண்டாம், என்னிடமும்தான். பார்த்துவிட்டு உடனே திருப்பிக் கொடுத்துவிடுவேன், நகல் போதும்.